வாட்ச்சுக்கு ஆப் எழுதுவது வீண் வேலையா?

கேள்வி: சேலம் சூரமங்கலத்திலிருந்து ஒரு மாணவர், நவம்பர் 3

கடைசி வருஷ புராஜெக்டுக்கு ஸ்மார்ட்வாட்ச் ஆப் செய்யலாம் என்று இருக்கிறேன். கைடு வேண்டாம் என்கிறார். "வாட்ச்சில் யாரும் ஆப் திறப்பதில்லை, நோட்டிஃபிகேஷன் வந்தால் போதும், மொபைல் ஆப் செய்" என்று சொல்லிவிட்டார். இந்த வேலை செய்கிறவர்கள் சொல்லுங்க, அவர் சொல்வது சரியா?

நவம்பர் 3, இரவு

பாதி சரி தம்பி. வாட்ச்சில் யாரும் மெனுவுக்குள் போய் ஆப் தேடித் திறப்பதில்லை என்பது உண்மை. அதனால் வாட்ச் ஆப் வீண் என்று முடிவு கட்டினால் அங்கேதான் தப்பு.

மொபைல் ஆப்பை அப்படியே சுருக்கி மணிக்கட்டில் ஒட்டினால் யாரும் சீண்ட மாட்டார்கள். வாட்ச்சுக்கு வேலை எங்கே இருக்கிறது என்றால், மனுஷனுக்குக் கை காலியாக இல்லாத இடத்தில், காது கேட்காத இடத்தில், போனை எடுத்துப் பார்க்க முடியாத இடத்தில். சேலத்தில் அப்படிப்பட்ட இடங்களுக்கா பஞ்சம்? அம்மாப்பேட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் போய் நின்று பாருங்க. பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. பாக்கெட்டில் போன் அடித்தால் எப்படித் தெரியும்? அங்கே மணிக்கட்டில் ஒரு அதிர்வு வந்தால் அது ஒரு ஆப் செய்கிற முழு வேலை. திரையே வேண்டாம்.

கைடிடம் இதைச் சொல்லிப் பாருங்க.

நவம்பர் 4

எந்த வாட்ச் வாங்குவது என்று தம்பி கேட்டிருக்கிறார். இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலர் காசைக் கொட்டிவிட்டு அப்புறம்தான் கேட்கிறார்கள்.

ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற "ஸ்மார்ட்வாட்ச்"சில் நீங்கள் எழுதுகிற ஆப்பை நிறுவ முடியாது. உள்ளே ஓடுவது அந்தக் கம்பெனியே எழுதி அடைத்துவைத்த சின்ன மென்பொருள். போனிலிருந்து வரும் நோட்டிஃபிகேஷனைக் காட்டும், அவ்வளவுதான். தமிழ் எழுத்துரு இல்லாத மாடலில் அதுவும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஆப் எழுத வேண்டுமென்றால் கூகுளின் வேர் ஓஎஸ் என்ற இயங்குதளம் ஓடுகிற வாட்ச் வேண்டும். இல்லையென்றால் ஆப்பிள் வாட்ச், அதற்கு ஒரு மேக் கம்ப்யூட்டரும் வேண்டும். கார்மினில் மங்கி சி என்று தனி மொழி. அமேஸ்ஃபிட்டின் செப் ஓஎஸ்ஸில் ஜாவாஸ்கிரிப்ட். மாணவருக்கு என் ஓட்டு வேர் ஓஎஸ்ஸுக்கே. ஆண்ட்ராய்டு தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. 2021-ல் சாம்சங் டைசன் என்ற தன் இயங்குதளத்தை விட்டுவிட்டு கேலக்ஸி வாட்ச் 4-ஐ வேர் ஓஎஸ்ஸில் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் உயிர் வந்தது. செகண்ட் ஹேண்டில் அந்த வாட்ச் 4 கிடைத்தாலே படிக்கப் போதும்.

கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற போலி வாட்ச்சான எமுலேட்டரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது கையில் அதிராது. வியர்க்காது. வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

நவம்பர் 4, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது: பெரும்பாலான வாட்ச்சில் யூஎஸ்பி கிடையாது. ஆப்பை வாட்ச்சில் ஏற்றிச் சோதிப்பது வயர்லெஸ் டீபக்கிங்கில்தான். லேப்டாப்பும் வாட்ச்சும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஹாஸ்டல் வைஃபையில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்கவே விடமாட்டார்கள், அதனால் போன் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டையும் அதில் இணையுங்க. டீபக்கிங் நேரத்தில் பேட்டரி மளமளவென்று இறங்கும், சார்ஜரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்க.

நவம்பர் 6

அம்மாப்பேட்டை அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார், சொந்தமாக எட்டுத் தறி. போன் வருவது பெரிய விஷயமில்லையாம். "ஒரு தறி நின்றுபோனால் மற்ற ஏழு தறிச் சத்தத்தில் தெரியறதில்லை, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாத்தான் தெரியுது. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்கிறார்.

வழி இருக்கிறது அண்ணா. தம்பி, இதுதான் உங்கள் புராஜெக்ட். இதைவிட நல்லது உங்களுக்குக் கிடைக்காது.

குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தாலோ அது சுற்றிய தார் தீர்ந்தாலோ தறி தானாக நின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளக்கலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பல பழைய தறிகளில் தறி நின்றாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், தறியோடு அதற்குள்ள தொடர்பு மட்டும் விலகும். அதனால் சுற்றுகிற சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டி, எதிரே சட்டத்தில் ஒரு ஹால் சென்சர் வையுங்க. காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு. இரண்டு மூன்று விநாடி துடிப்பு வராவிட்டால் தறி நின்றுவிட்டது. ஈஎஸ்பி32 போர்டு ஒன்று போதும், அதிலேயே வைஃபை இருக்கிறது.

போர்டிலிருந்து நேராக வாட்ச்சுக்கு வைஃபையில் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். போனோடு புளூடூத்தில் இணைந்திருக்கும்போது வேர் ஓஎஸ் பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையை அணைத்தே வைத்திருக்கும். போர்டு போனுக்குச் சொல்லட்டும், போன் வாட்ச்சுக்குச் சொல்லட்டும்.

நவம்பர் 7

போனிலிருந்து வாட்ச்சுக்கு எப்படி அனுப்புவது என்ற கேள்விக்கு: போனும் வாட்ச்சும் பேசிக்கொள்ள வேர் ஓஎஸ்ஸில் இருக்கிற டேட்டா லேயரில் இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் ஒன்றில்லை. மெசேஜ் கிளையன்ட் என்பது இணைப்பு இருந்தால் போகும், இல்லாவிட்டால் போகாது. டேட்டா கிளையன்ட்டில் போட்டது காத்திருந்து, இணைப்பு திரும்பியதும் போய்ச் சேரும். கேட்டதும் இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும்.

தறிக்கு அது ஆகாது. அண்ணன் டீ குடிக்க வெளியே போகிறார், போன் உள்ளேயே இருக்கிறது. மூன்றாம் தறி நிற்கிறது, பக்கத்தில் இருக்கிற பையன் இழையை முடிந்து ஓட்டிவிடுகிறான். அண்ணன் திரும்பி வந்ததும் "மூன்றாம் தறி நின்றுவிட்டது" என்று வாட்ச் அதிர்ந்தால்? இரண்டு முறை இப்படி ஆனால் அவர் வாட்ச்சைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். பழைய செய்தி வராமல் இருப்பதுதான் இங்கே நல்லது. எனவே மெசேஜ். ஒரு நாளில் எந்தத் தறி எத்தனை தடவை நின்றது என்ற கணக்கு வேண்டுமானால் அதை டேட்டா கிளையன்ட்டில் அனுப்புங்க, அது தாமதமாக வந்தாலும் கெட்டுப்போகாது.

இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்க. போன் ஆப்புக்கும் வாட்ச் ஆப்புக்கும் ஒரே பேக்கேஜ் பெயர், ஒரே கையொப்பச் சாவி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று பேசாது. அப்புறம், டேட்டா கிளையன்ட்டில் முன்பு போட்ட அதே விவரத்தை மறுபடி போட்டால் எதுவும் மாறவில்லை என்று அந்தப் பக்கம் தகவலே போகாது. கூடவே நேரத்தையும் சேர்த்து அனுப்புவது வழக்கம்.

நவம்பர் 10

அதிர்வைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த ஆப்பே அதுதான்.

சாதாரணத் தறி நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் முறை அடிக்கும். அதாவது அரை விநாடிக்கு ஒரு அடி. சட்டத்தில் கை வைத்திருந்தால் அந்த அடி மணிக்கட்டு வரை வரும். வாட்ச்சும் அதே தாளத்தில் விட்டுவிட்டு அதிர்ந்தால் தறியோடு கலந்துவிடும், ஒன்றும் தெரியாது. நான் ஒரு கூடத்தில் வைத்துப் பார்த்தபோது நோட்டிஃபிகேஷனுக்கு வாட்ச் வழக்கமாகத் தருகிற அந்த இரட்டைத் துடிப்பு சுத்தமாகக் காணாமல் போனது. கையைத் தூக்கியிருந்தால் தெரிகிறது, சட்டத்தில் வைத்தால் தெரியவில்லை. முக்கால் விநாடிக்குக் குறையாமல் ஒரே இழுப்பாக அதிர்ந்தால் சட்டத்தில் கை இருந்தாலும் தெரிகிறது. அதிர்வுக்கென்று ஆண்ட்ராய்டில் இருக்கிற வைப்ரேஷன் எஃபெக்ட்டில் வேவ்ஃபார்ம் என்று இருக்கிறது, எத்தனை மில்லிவிநாடி அதிர வேண்டும், எத்தனை நிற்க வேண்டும் என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம். பலத்தையும் முழுசாக வையுங்க.

வாட்ச் பட்டையை இறுக்கமாகக் கட்டச் சொல்லுங்க. தளர்வாகக் கட்டினால் அதிர்வில் பாதி காற்றுக்குத்தான் போகிறது.

எந்தத் தறி என்பதை எண்ணிக்கையால் சொல்லலாம். ஏழாம் தறிக்கு ஏழு முறை அதிர்ந்தால் எண்ணி முடிப்பதற்குள் அலுத்துவிடும். நீளமானது ஐந்து, குட்டையானது ஒன்று என்று வைத்தால் ஏழுக்கு ஒரு நீளம் இரண்டு குட்டை.

நவம்பர் 11

அண்ணன் இதை ஒரே வரியில் திருத்திவிட்டார். "அஞ்சும் ஒண்ணும் கூட்டிக்கிட்டு நிக்க முடியாது தம்பி. இடது வரிசையா, வலது வரிசையா? அதை முதல்ல சொல்லச் சொல்லு, கால் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிரும்."

எவ்வளவு சரி! கூடத்தில் தறிகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன, நடுவில் நடைவழி. ஒரு நீள அதிர்வு என்றால் இடது, இரண்டு நீளம் என்றால் வலது. பிறகு வரிசையில் எத்தனையாவது என்பதற்குக் குட்டை அதிர்வு. அதிகபட்சம் நான்கு. அவர் நடக்கும்போது கை சட்டத்தில் இருக்காது, அதனால் குட்டை அதிர்வும் தெரியும். நான் நேற்று எழுதியதைவிட இது எல்லா விதத்திலும் மேல். ஆப்பைப் பயன்படுத்தப் போகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று. "சரி, பார்த்துவிட்டேன்" என்று தொடுவதற்குப் பட்டன் எதுவும் வைக்காதீர்கள். விரலில் எண்ணெய், பஞ்சு, வியர்வை. தொடுதிரை பாதி நேரம் கேட்காது. தறி மறுபடி ஓட ஆரம்பித்தால் காந்தத்தின் துடிப்பு வருமே, எச்சரிக்கை தானாக அடங்கட்டும்.

கரண்ட் போனால் எட்டுத் தறியும் ஒன்றாக நிற்கும். அப்போது எட்டு எச்சரிக்கை போகக் கூடாது. எல்லாம் ஒரே சமயத்தில் நின்றால் பேசாமல் இருந்துவிடச் சொல்லுங்க, கூடம் அமைதியானதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நவம்பர் 15

ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா. காலையில் மலைப்பாதையில் ஓடுகிறவர். வாட்ச் காட்டும் உயரமும் தூரமும் நாளுக்கு நாள் மாறுகிறது, ஆப் எழுதுகிறவர்கள் இதைச் சரிசெய்ய முடியாதா என்கிறார். தறியிலிருந்து மலைக்குப் போகிறோம், போகட்டும், இதிலும் நல்ல விஷயம் இருக்கிறது.

உயரம் பெரும்பாலும் காற்றழுத்தமானியிலிருந்து வருகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, ஏற்காடு 1,500 மீட்டர் போல. சேலத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் ஏறக்குறைய 9 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. ஏற்காட்டில் அதே ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 10 மீட்டர். இப்போது பாருங்க: நம் ஊர் போன்ற வெப்ப மண்டலத்தில் அழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் இறக்கம். வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இருக்கும். அதாவது காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்தவர் மாலை வரை எழுந்திருக்காமலே 30 மீட்டர் ஏறிவிடுவார், வாட்ச் கணக்குப்படி! இது போக வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால், நவம்பரில் கேட்கவே வேண்டாம், இன்னும் பல மீட்டர் கூடும்.

ஆப் செய்ய வேண்டியது, உயரம் தெரிந்த ஒரு இடத்தில் கணக்கைச் சரிசெய்துகொள்ள ஒரு வழி தருவது. அடிவாரத்தில் ஒன்று, மேலே ஏரிக்கரையில் ஒன்று என்று இடத்தைப் பதிந்துவைத்து, ஜிபிஎஸ் அந்த இடத்தைத் தொட்டதும் உயரத்தைத் தானாக நேர் செய்துகொள்ளலாம்.

தூரத்துக்கு வேறு காரணம். சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஜிபிஎஸ்ஸைப் பல விநாடிக்கு ஒரு முறைதான் கேட்கிறீர்கள் என்றால், வளைவுக்கு முன் ஒரு புள்ளி, பின் ஒரு புள்ளி, நடுவில் நேர்கோடு. வளைவு முழுக்க வெட்டுப்பட்டுப் போகும். 20 வளைவிலும் இப்படி வெட்டினால் தூரம் குறையாமல் என்ன செய்யும்? வேர் ஓஎஸ்ஸில் உடற்பயிற்சிக் கணக்குக்கென்று இருக்கிற ஹெல்த் சர்வீசஸின் எக்ஸர்சைஸ் கிளையன்ட்டைப் பயன்படுத்தினால் திரை அணைந்திருக்கும்போது புள்ளிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத் தரும், ஒவ்வொரு புள்ளிக்கும் பிராசசரை எழுப்ப வேண்டியதில்லை. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் நிழலில் சிக்னல் சிதறுவதற்கு மட்டும் ஆப்பில் மருந்து கிடையாது.

மலையில் போன் வீட்டில், வாட்ச் கையில். இங்கே டேட்டா கிளையன்ட் வேண்டும். தறிக்கு ஆகாது என்று சொன்ன அதே குணம் இங்கே கைகொடுக்கிறது.

நவம்பர் 16

அக்கா மறுபடி: குளிர்காலத்தில் இதயத்துடிப்பு முதல் பத்து நிமிஷம் கன்னாபின்னாவென்று காட்டுகிறதாம்.

வாட்ச்சின் பின்னால் எரிகிற பச்சை விளக்கு ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறையும், சமிக்ஞை பலவீனமாகிவிடும். அந்த நேரத்தில் கையின் ஆட்டம்தான் பலமாகத் தெரியும், வாட்ச் உங்கள் காலடித் தாளத்தையே இதயத்துடிப்பாக எடுத்துக்கொள்ளும். துடிப்பு நிமிஷத்துக்கு 160, 170 என்று அசையாமல் நின்றால் காலடிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்க, பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். பட்டையை எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டி, ஸ்வெட்டர் கைக்குள் விட்டு, கொஞ்சம் சூடேறிய பிறகு ஓட ஆரம்பித்தால் சரியாகும். துல்லியம்தான் முக்கியம் என்றால் நெஞ்சுப் பட்டை வாங்குங்க, அது இதயத்தின் மின் துடிப்பையே பார்க்கிறது. புளூடூத்தில் இதயத்துடிப்புக்குப் பொதுவான சர்வீஸ் ஒன்று இருக்கிறது, பெரும்பாலான பட்டைகள் அதில் பேசும், எந்த ஆப்பும் படிக்கலாம்.

நவம்பர் 22

காப்பித் தோட்டத்தில் நிர்வாகம் பார்க்கிற ஒருவர் கேட்டிருப்பதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். பழம் பறிக்கிறவர்கள் கையில் வாட்ச் கட்டிவிட்டு, யார் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஆப் செய்து தர முடியுமா என்கிறார்.

நான் செய்ய மாட்டேன். தம்பி, நீங்களும் செய்யாதீர்கள்.

முதலில் அது அளக்கவே அளக்காது. காப்பிப் பழம் பறிக்கிறவர் ஒரு செடி முன்னால் நின்று, கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, மறு கையால் சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கிறார். காயை விட்டுவிடுகிறார். கால் நகராது. வாட்ச்சில் நடை பூஜ்யம். கிளை பிடித்த கையில் வாட்ச் இருந்தால் அந்தக் கை அசையவே அசையாது. ஆளே தூங்குகிறார் என்று எழுதும். செடி செடியாக ஓடிக் காயையும் உருவிப் போடுகிறவர் நல்ல வேலைக்காரர் என்று வரும். பறித்த பழத்தை மாலையில் எடை போடுகிறார்களே, அதைவிடச் சரியான கணக்கு வேறென்ன வேண்டும்?

அளக்க முடிந்தாலும் செய்யக் கூடாது. உடம்பில் கட்டிய கருவி ஒருவருடைய துடிப்பையும் தூக்கத்தையும் ஒதுங்குகிற நேரத்தையும் சொல்கிறது. அதைக் கட்டியிருப்பவருக்காக அது வேலை செய்ய வேண்டும். தறிக்கூடத்தில் அண்ணன் கையில் அவருக்காக அதிர்கிறது. அதே தறிக்கூடத்தில் கூலிக்கு ஓட்டுகிறவர் கையில் கட்டி, எத்தனை நிமிஷம் தறி நின்றது என்று முதலாளிக்கு அனுப்பினால் அதே கருவி வேறொன்றாகிவிடும். நாள் கணக்கு என்று நவம்பர் 7-ல் எழுதினேனே, அது தறியின் கணக்கு. ஆளின் பெயர் அதில் சேரவே கூடாது என்று இப்போது அழுத்திச் சொல்கிறேன்.

பறிக்கிறவர்களுக்கு ஏதாவது செய்ய ஆசை இருந்தால், சரிவில் தனியாக இருக்கும்போது வழுக்கி விழுந்தால் மேஸ்திரிக்குத் தகவல் போகிற மாதிரி செய்யுங்க. அதற்கும் அவர்கள் சம்மதம் கேளுங்க.

நவம்பர் 23

பெபிள் வாட்ச் நினைவிருக்கிறதா என்று ஒருவர். இல்லாமலா! 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் மக்களிடம் காசு திரட்டி வந்தது, 2016 கடைசியில் மூடிவிட்டார்கள். தொடுதிரை கிடையாது, பக்கவாட்டில் நாலு பட்டன். வெயிலில் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரியும், சார்ஜ் பல நாள் நிற்கும். எண்ணெய்க் கைக்கும் ஈரக் கைக்கும் அதைப் போல இன்னொன்று வரவில்லை என்பது என் எண்ணம். 2025 ஜனவரியில் கூகுள் அதன் மென்பொருளைத் திறந்து வெளியிட்டது. சி மொழி தெரிந்தவர்கள் எடுத்துப் படிக்கலாம், குறைந்த நினைவகத்தில் எவ்வளவு கச்சிதமாக எழுதலாம் என்பதற்கு அருமையான பாடம்.

நவம்பர் 29

தம்பி ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். கைடு ஒத்துக்கொண்டாராம், அண்ணன் கூடத்தில் இரண்டு தறிக்கு சென்சர் மாட்டியாயிற்றாம். ரொம்ப சந்தோஷம்.

திரையைப் பற்றி: வட்டத் திரையில் மேல் வரியும் கீழ் வரியும் ஓரத்தில் வெட்டுப்படும். "நின்றுவிட்டது" என்ற சொல்லே அகலத்தில் முக்கால் பாகம் பிடிக்கிறது. அதை எடுத்துவிடுங்க. "இடது 3" போதும், பெரிய எழுத்தில், நடுவில். வரி உயரத்தை ஆங்கில எழுத்துக்கு வைத்த அளவிலேயே விட்டிருக்கிறீர்கள், "கீ" மேலே சுழியும் "ளூ" கீழே வாலும் வெட்டுப்பட்டிருக்கிறது பாருங்க. கூட்டுங்க. எழுத்தளவைப் பெரிதாக வைத்திருக்கிற வாட்ச்சிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்க, நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

கையை இறக்கியதும் ஆப் நின்றுபோகிறது என்கிறீர்கள். போகத்தான் செய்யும், திரை அணைந்தால் வேர் ஓஎஸ் ஆப்பை ஒதுக்கிவிடும். ஆனால் உங்கள் ஆப் ஓடிக்கொண்டிருக்கவே வேண்டாம். போனிலிருந்து மெசேஜ் வந்தால், ஆப்பில் அதற்கென்று காத்திருக்கிற வேரபிள் லிஸனர் சர்வீஸ் எழுந்துகொள்ளும், அதிரவைத்துவிட்டுத் தூங்கட்டும். பேட்டரியும் நிற்கும்.

டிசம்பர் 2

பிளே ஸ்டோரில் போடுவது பற்றி, கடைசியாக வந்த கேள்வி. டெவலப்பர் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். தம்பி இப்போதுதான் தனிநபர் கணக்கு திறக்கிறார் என்பதால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும் என்ற விதி அவருக்கு உண்டு. 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கெல்லாம் அப்படித்தான். வாட்ச் ஆப்புக்கு பிளே கன்சோலில் வேர் ஓஎஸ்ஸைத் தனியாகச் சேர்க்க வேண்டும், தரச் சோதனையும் தனி. வட்டத் திரையில் எழுத்து வெட்டுப்பட்டால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள்.

புராஜெக்டுக்கு ஸ்டோர் அவசியமில்லை, அண்ணனுக்கு நேராக நிறுவிக் கொடுத்தாலே போதும். ஆனால் சேலத்தில் குகை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கமிருந்தும் இரண்டு தறிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். எனவே போடலாம் என்றுதான் சொல்வேன். வேர் ஓஎஸ் வாட்ச் வைத்திருக்கிறவர்கள் உங்கள் மாடல் பெயரைக் கீழே எழுதுங்க. தறி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வண்டி ஓட்டும்போதும் மாவு மில்லில் நிற்கும்போதும் அந்த நீள அதிர்வு தெரிகிறதா என்று சொன்னாலே தம்பிக்கு உதவியாக இருக்கும்.